வேண்டாம் என்றவர் வீட்டுக்கும் போனவர்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மையப்பன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்திருக்கும் என் செவிலியத் தோழிகளே, மண்டபம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் குடும்பங்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் உடன்பிறவாத் தங்கை பிருந்தாவே, உங்கள் அனைவருக்கும் சாரம்மாளின் வணக்கம்.

இருபத்தாறு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். உள்ளே சத்தம் போடக்கூடாது. அதனாலோ என்னவோ, வெளியே வந்தால் என் குரல் கொஞ்சம் ஓங்கிவிடும். இன்றைக்கும் ஓங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? நம்மை விட்டுப் போய்விட்ட உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் பூதலிங்கம் அண்ணாச்சிக்காக. பதவியின் பெயர்தான் நீளம். செய்த வேலை என்ன? மூளைச்சாவு அடைந்தவரின் வீட்டாரிடம் போய், அவருடைய உறுப்புகளைத் தானமாகக் கொடுப்பீர்களா என்று கேட்பது. நெஞ்சு இன்னும் ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, அந்த நேரத்தில் கேட்க வேண்டும். இதைவிடக் கொடுமையான கேள்வி உலகத்தில் உண்டா? அதைக் கேட்பதற்கென்றே இருந்த மனிதரை இந்த ஊர் திட்டவில்லை, அண்ணாச்சி என்று கூப்பிட்டது!

எப்படிக் கேட்பார்? எடுத்த எடுப்பில் கேட்கவே மாட்டார். பக்கத்தில் உட்கார்வார். சாப்பிட்டார்களா, ஊரிலிருந்து யாராவது வந்துசேர வேண்டுமா என்று விசாரிப்பார். பிறகு, "புள்ளைய வீட்ல எப்படிக் கூப்பிடுவிய?" என்பார். அவர்கள் என்ன பெயர் சொன்னாலும் அந்த நிமிடத்திலிருந்து எங்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர். யாராவது வாய் தவறிப் படுக்கை எண்ணைச் சொல்லிவிட்டால் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நானும் வாங்கியிருக்கிறேன்.

இதோ, காயல்பட்டினத்து இஷ்ரத் வந்திருக்கிறார். இந்தத் தாய் ராஜா என்று கூப்பிட்ட மகன் பைக்கிலிருந்து விழுந்து எங்களிடம் வந்தவன். இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதிசெய்தாகிவிட்டது. தகப்பனார் சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. நேரம் போகிறதே என்று அண்ணாச்சியிடம் எரிந்து விழுந்தேன். "அவசரம் நமக்குத்தான் சிஸ்டர், அவுகளுக்கு இல்ல. வாப்பா பைய வரட்டும்" என்றார். கடைசியில் வாப்பா போனில் வந்தார். அண்ணாச்சி போனை ராஜாவின் காதோரம் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தகப்பன் பேசி முடிக்கும்வரை அவர் கை இறங்கவில்லை. அதன் பிறகுதான் கேட்டார். அவர்கள் சரி என்றார்கள்.

எல்லோரும் சரி என்பார்களா? மணிமுத்தாற்றுக் கொம்பையா அவர்களும் இங்கே இருக்கிறார். அவர் மகளுக்காக அண்ணாச்சி கேட்டபோது, சட்டையைப் பிடித்துவிட்டார். "எம் மவளக் கூறு போடவா வந்திருக்கேரு?" என்றார். அண்ணாச்சி சட்டையை விடுவிக்கக்கூட முயலவில்லை. அவர் பதிலை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, பிரேதப் பரிசோதனைக் காகிதங்களுக்கும் ஆம்புலன்சுக்கும் அவரே அலைந்தார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு யாரும் அழைக்காமலே பஸ் ஏறி மணிமுத்தாறு போனார். வாசலில் நின்றவரைக் கொம்பையாவே கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தாராம்.

எனக்கு மனசு ஆறவில்லை. வேண்டாம் என்றவர் வீட்டுக்கு எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"குடுத்தவுகளுக்கு மால போட ஊரே வரும் சிஸ்டர். குடுக்காதவுக வீட்டுக்கு யாரு போவா?"

பெருமக்களே, இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அண்ணாச்சியின் மனைவி பிருந்தாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். வாசலில் ஒரு பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'மறைந்தும் விழி தந்த வள்ளல்' என்று எழுதியிருக்கிறது. பாசத்தில் செய்தது, வைத்த தம்பிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது உண்மை இல்லை. அண்ணாச்சியின் கண்கள் அவரோடுதான் போயின.

அவர் போன அன்று காலை வண்ணார்பேட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மாரடைப்பு. எங்களிடமே கொண்டுவந்தார்கள். எங்கள் கையாலேயே அவர் நெஞ்சை அழுத்திப் பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை. இதயம் நின்ற பிறகும் ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்கலாம். அவர் கையெழுத்திட்ட தான அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? படிவத்தை நிரப்பினோம். கண் வங்கிக்குச் சொன்னோம், அவர்களும் பெட்டியோடு வந்து நின்றுவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் பிருந்தாவின் கையில் பேனாவைக் கொடுத்து, இங்கன ஒரு கையெழுத்துப் போடும்மா என்றோம்.

யார் சொன்னது தெரியுமா? நான்தான். இத்தனை வருடம் அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தவள். அண்ணாச்சி வீடுதானே, கேட்கவா வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

பிருந்தா காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "யக்கா, எல்லாரும் கையெழுத்து கேக்குதிய. என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

கூனிக் குறுகிப் போனேன். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணாச்சியை வீட்டில் எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டேன். "கூப்பிட்டதே இல்லக்கா. தட்ட எடுத்து வப்பேன், அந்தச் சத்தத்துக்கு வந்திருவாக" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகையே வந்தது. வெகுநேரம் கழித்து முறையாகக் கேட்டேன். இன்றைக்கு என்னால் முடியாது, வேண்டாம் என்றாள். கண் வங்கிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பி வைத்தேன்.

பார்வைக்காகக் காத்திருப்பவர்களை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. ஒழுங்காக முதலிலேயே கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்குமோ? தெரியாது. ஆனால் டீக்கடையில் நின்று, ஊருக்குத்தான் உபதேசமா, சொந்த வீட்டிலேயே கொடுக்கவில்லையே என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழி சொல்வதாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள். பிருந்தாவின் பெயரை எடுக்காதீர்கள். முன்னொரு நாள் உங்கள் வீட்டில் சம்மதிப்பார்களா என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். "அட்ட என்னோடது, பதில் அவளோடது. அவகிட்ட கேக்கணும்லா" என்றார். இன்று அவர் இருந்தால் அவளையா கோபித்திருப்பார்? பேனாவை நீட்டிய என்னைத்தான் ஒரு பார்வை பார்த்திருப்பார்.

ஆகவே தம்பிகளே, கூட்டம் முடிந்ததும் அந்தப் பிளக்ஸை இறக்கிவிடுங்கள். 'பூதலிங்கம் அண்ணாச்சி' என்று மட்டும் எழுதி வையுங்கள், போதும்.

அவர் நாற்காலியில் நாளை யார் உட்கார்ந்தாலும், எங்கள் பிரிவின் சார்பில் ஒரு உறுதி சொல்கிறேன். இனி யார் வீடானாலும், எங்கள் வீடே ஆனாலும், உட்கார்ந்து கேட்காமல் காகிதத்தை எடுக்க மாட்டோம். சரி என்றவர் வீட்டுக்கும் போவோம், வேண்டாம் என்றவர் வீட்டுக்கும் போவோம்.

நாளை அண்ணாச்சிக்குப் பதினாறாம் நாள். கொம்பையா வருகிறார், இஷ்ரத் வருகிறார், நாங்கள் எல்லோரும் வருகிறோம். பிருந்தா, நீ எங்களைக் கூப்பிட வேண்டாம் தாயி. தட்டை எடுத்து வை. அந்தச் சத்தத்துக்கு வந்துவிடுவோம்.