ஜவாத்தின் கிரிக்கெட் பெட்

— போலி எண்டு எழுதித் தாங்க, கனகசபாபதியண்ண. ரெண்டு வரி போதும்.

— கேளுங்க பாயிஸ், இருபது வருசமா ஆக்கள் என்னட்டக் கிரிக்கெட் அடிச்ச பழைய பெட்டோட வாறாங்க. கொழும்பிலயும் லண்டனிலயும் சேர்த்து வைக்கிறவங்க என்ட கடிதம் இல்லாம வாங்க மாட்டாங்க. எல்லாருக்கும் வேண்டியது ஒண்டுதான், அசல் எண்டு எழுதுங்க, இன்ன மெச்சில ஆடினது எண்டு எழுதுங்க. போலி எண்டு எழுதச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்.

— விக்கிறதுக்கில்ல அண்ண. றஸ்னாக்குக் காட்ட.

— பொஞ்சாதிக்கா?

— ஓம். அவ உங்கட சொல்ல மட்டுந்தான் நம்புவாவாம். ஜவாத் ஆடின காலத்தில ஸ்கோர் எழுதினவர், படமும் எடுத்தவர், காரைதீவுக்குப் போய் அவர்ட்ட கேளுங்க எண்டு எழுதித் தந்திரிக்கா.

— ஜவாத்திட பெட்டா இது?

— இல்லையெண்டு எழுதுங்க.

— இருங்க மனிசா. எங்க கிடந்தது?

— எங்கட வாசல்ல. போன வெள்ளி விடிய சுபஹு தொழுதிட்டு வாறன், செருப்புக் கழட்டுற இடத்தில, சுவரில சாத்தி இரிக்கி. விருந்தாளி வந்து குடைய வைச்ச மாதிரி.

— றஸ்னா கண்டாவா?

— எனக்கு முதலே கண்டிரிக்கா. கதவத் தொறந்தபடி நிண்டா. அண்டையில இரிந்து என்னோட ஒரு வார்த்த கதைக்கல்ல. சாப்பாட்டுக்கு மூணு கோப்பை வைக்கிறா அண்ண.

— மூணா? பிள்ளைகள் ஆரும் வந்திருக்கோ?

— எங்களுக்கு ஏது பிள்ள? மூணாவதிலயும் சோறு போடுறா. கறி ஊத்துறா. மறுகா ஒரு துண்டுல எழுதித் தந்தா. முந்தின புருசன் ஜவாத் உசிரோட இரிந்தா நான் உங்களுக்கு ஹறாம், தொடக் கூடாது, முடிவு தெரியிற வரைக்கும் வெளியில படுங்க எண்டு.

— அவன் சுனாமியில போனவன். கல்முனைக்கே தெரியும்.

— மையித்துக் கிடைக்கல்லியே. கடல் கொண்டு போனத நான் கண்ணால கண்டன் எண்டு காதியாருக்கு முன்னால சத்தியம் பண்ணித்தான் மௌத்தெண்டு முடிவாச்சு. அவ புருசன் மௌத்தானதுக்கு இத்தா இரிந்து, ரெண்டு வருசம் போய்த்தான் எங்கட நிக்காஹ். எல்லாம் என்ட ஒரு வாயில நிக்கிது.

— தூரத்தில நிண்டு கண்டதெண்டுதானே சொன்னீங்க?

— ஓம். நான் மைதானத்து மதிலுக்கு மேல. அவன் கடக்கரைப் பக்கம், கையில பெட்டோட. அப்பிடியே அள்ளிக்கிட்டுப் போச்சு.

— சரி, குடுங்க. பஸ்ஸிலயா கொண்டு வந்தீங்க?

— மடியில வைச்சிக்கிட்டு வந்தன். பஸ்ஸில ஆக்கள் நெருக்கி நிக்கிறாங்க. என்ட பக்கத்துச் சீட்டில மட்டும் ஒருத்தரும் இரிக்கல்ல. ஒரு மனிசி இரிக்க வந்திட்டு, மன்னிச்சுக்கங்க தம்பி, ஆள் இரிக்கிறதக் காணல்ல எண்டு சொல்லிட்டுப் போறா.

— சும்மா பயங்காட்டாதீங்க. இந்தா, சுனாமிக்கு முந்தின மாசம் பைனல்ல நான் எடுத்த படம். அம்பது அடிச்சிட்டு பெட்டத் தூக்கிக் காட்டுறான். மரத்துக்கும் மனிசன் மாதிரி ரேகை இருக்கு, சரியோ? ரெண்டு பெட்டுக்கு ஒண்டா வராது. படத்தில பதினொரு கோடு. ஏழாவது வளைஞ்சு ஒரு கறுப்புப் புள்ளியச் சுத்திப் போகுது. இப்ப இதில எண்ணுங்க.

— நான் எண்ண மாட்டன்.

— பதினொண்டு. புள்ளியும் இருக்கு.

— அதே மாதிரி வேற ஒண்டு இரிக்கேலாதா?

— மணந்து பாருங்க.

— தேங்காண்ண.

— உலகமெல்லாம் பெட்டுக்கு லின்சீட் எண்ணை பூசும். இவன் மட்டும் தேங்கா எண்ணை. மரம் கெட்டுப் போகும்டா எண்டு எத்தினை தரம் ஏசியிருப்பன்! ம்... சிக்கு வாடை அடிக்கல்லியே. பழசில்ல இது. புதுசாப் பூசினது.

— அல்லாஹ்வே.

— கைப்பிடிக்கு சைக்கிள் டியூப். இடதுகைக்காரன் சுத்துற பக்கமாச் சுத்தியிருக்கு. அதுவும் அவன்ட வேலைதான். ரப்பர் புதுசு. இஞ்ச, இந்தச் சிவப்பப் பாருங்க, பந்து பட்ட தடம். என்ட விரலில ஒட்டுது. பட்டு ரெண்டு நாள் இராது.

— இண்டைக்குப் புதன், அண்ண.

— அதுக்கு?

— வெள்ளிக்கிழமையில இரிந்து என்ட அலுமாரிக்குள்ள இரிக்கி. பூட்டின திறப்பு என்ட சாரத்து மடிப்பில.

— ...அலுமாரிப் புழுக்கத்தில சாயம் இளகியிருக்கும். விடுங்க அத. தண்ணி குடிங்க.

— வேணாம்.

— கடைசியா ஒண்டு பார்க்கோணும். நாக்க வைச்சுப் பார்க்கிறது என்ட பழக்கம், சிரியாதீங்க... உப்பில்ல. டியூபுக்குள்ள நூலும் வெள்ளையாக் கிடக்கு. பசை விடல்ல. பாயிஸ், உங்களுக்கு நல்ல காலம். இந்த பெட் கடல்ல விழவேயில்ல.

— என்ன சொல்றீங்க?

— ஒரு நாள் கடல்ல கிடந்தாலும் மரம் ஊதிக் கைப்பிடி கழண்டிருக்கும். அவன் அண்டைக்கு இத எங்கயோ வைச்சிட்டுத்தான் கடக்கரைக்குப் போயிருக்கான். ஆரோ எடுத்து வைச்சு ஆடிக்கொண்டு இருந்திருக்கான், இப்ப மனம் கேக்காம உங்கட வாசல்ல சாத்திட்டுப் போயிட்டான். பெட் அசல். அவன் போனதும் போனதுதான். இப்பிடியே எழுதுறன். றஸ்னா உங்கள உள்ள படுக்க விடுவா, சரியோ?

— அவன்ட கையில இரிந்திச்சு.

— தூரத்தில கண்டது மனிசா. தடியா இருந்திருக்கும், பலகைத் துண்டா இருந்திருக்கும். கையில ஒண்டும் இல்ல எண்டு சொல்லுங்க, கதை முடிஞ்சுது. எழுதட்டா?

— எழுதாதீங்க, அண்ண.

— ஏன்? நீங்க கேட்டு வந்ததுக்கு மேலயே தாறன்.

— அவன் மதிலடிக்கு வந்திட்டான். தண்ணி கழுத்துக்கு. ஏற ஏலாம இந்த பெட்ட என்னப் பார்த்து நீட்டினான். கைப்பிடி அவன்ட கையில. மற்றத் தலைப்ப நான் புடிச்சன். புடிச்சிட்டு, விட்டன்.