ஐந்து ரிப்பன்கள்

இந்த நாற்காலி ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் சார். பின்னங்காலுக்கு அடியில் ஓர் அட்டையை நாலாய் மடித்து வைத்தால் சரியாகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள். நான் திரைச்சீலை தைப்பவன், அரை அங்குலம் கோணினாலும் கண்ணை உறுத்தும். நீங்கள் நேற்று அக்காவிடம் படித்துக் காட்டிய அறிக்கையிலும் ஒரு வரி உறுத்துகிறது. அதைத் திருத்தத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்தேன்.

அத்தான், அதாவது இறந்துபோன என் அக்கா வீட்டுக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். பக்கத்தில் யார் ஓட்டினாலும் அவர் கால் பிரேக்கைத் தேடும். தங்கமான மனிதர். என்னை மலைக்கு இழுத்துப் போனதே அவர்தான். பாதையே இல்லாத மலைகளாகப் பார்த்து, பனி உருகும் வசந்தத்தில், புதர் மண்டுவதற்குள் ஏறிவிடுவோம். நனைந்த காலுறையும் கீறிய கன்னமுமாக உச்சியில் உட்கார்ந்து சாப்பிடும் சுகம் இருக்கிறதே, அதை நீங்களும் ஒருமுறை அனுபவிக்க வேண்டும்.

அத்தான் முன்னால் போய் வழி பார்ப்பார். நான் பின்னால் கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிக்கொண்டே ஏறுவேன், கடையில் மிஞ்சிய துணிதான். இறங்கும்போது நான் முந்திக்கொள்வேன். அவர் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்து சேருவார். காட்டில் ஒரு நூல்கூட மிஞ்சக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு.

ஒவ்வோர் உச்சியிலும் ஒரு மரத்தில் தகர டப்பா தொங்கும். அதற்குள் நோட்டு. ஏறியவர்கள் பெயர் எழுதுவார்கள். பதினொரு வருடத்தில் முப்பத்தெட்டு நோட்டு. எல்லாவற்றிலும் முதலில் அத்தான் பெயர், பிறகு ‘கூடவே மைத்துனர்’. எனக்குப் பெயர்கூடக் கிடையாது. நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நோட்டு டப்பாவுக்குள் போய்விடும். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை.

ஏற வேண்டிய மலைகள் என்று நாங்கள் போட்டுவைத்த பட்டியலில் முப்பத்தொன்பதாவதுதான் கடைசி. கிளம்பும்போது அக்கா, இதிலாவது தம்பியை முதலில் எழுத விடுங்கள் என்றாள். அத்தான் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். என்ன எழுதலாம் என்று வழியெல்லாம் யோசித்து, நல்லதாய் ஒரு வரியும் வைத்திருந்தேன். உச்சிக்கு நூறடி இருக்கும்போது அவருக்குக் கால் நிற்கவில்லை, முந்தி ஓடிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காத மாப்ளே, கைப்பழக்கம். வழி கண்டுபிடிச்சது நான்தானே? நீ சும்மா ரிப்பன் கட்டுனே” என்றார்.

சிரித்துவிட்டேன். சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவர் கண்ணயர்ந்ததும் வழக்கம்போல் இறங்கினேன். மூடுபனி சூழ்ந்துகொண்டிருந்தது. ரிப்பன் சும்மாவா இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

கொஞ்சம் கீழே ஓர் ஓடை. மேலே பனி மூடிச் சமதரையாகத் தெரியும், அடியில் தண்ணீர் குடைந்திருக்கும். ஏறும்போது தடியால் தட்டிக் காட்டி, என்னைச் சுற்றி அழைத்துப் போனவர் அத்தானேதான். அந்தச் சுற்றுவழி ரிப்பன்களை அவிழ்த்தேன். ஓடைக்கு நேராக நாலு கட்டினேன். ஐந்தாவதை எதிர்க்கரையில், பனிக்கு அந்தப் பக்கம், கண்ணில் படுகிற கிளையில் கட்டினேன். அதற்காகவே மறுபடி சுற்றிப் போனேன். நல்ல நடை.

இருட்டும்வரை காரில் காத்திருந்தேன். பிளாஸ்க்கில் அவருக்கும் தேநீர் மிச்சம் வைத்திருந்தேன்.

அக்காவைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. முன்னறைக்குப் புதுத் திரை தைத்துக் கொடுத்திருக்கிறேன், வெளிச்சம் கண்ணைக் கூசாது.

சரி, அந்த வரி. இறந்தவரே மூடுபனியில் இடம் மாற்றி ரிப்பன் கட்டி, ஓடைப் பனி உடைந்து உள்ளே விழுந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதையும் அவர் கணக்கிலேயே எழுதினால் எப்படி, சார்? அவருக்கு முடிச்சே போட வராது. அந்த ஐந்தும் என் கைவேலை. உங்கள் ஆட்கள் கத்தரிக்கோலால் வெட்டித்தானே எடுத்தார்கள்?

கையெழுத்து கீழே போட வேண்டுமா? மேலே இடமிருக்கிறதே, முதல் வரியில் என் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?