புலிக்குக் கொடுத்த கண்

இரவு பத்தரை மணி. கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்துக்குப் பின்னால், சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சாலை... அந்த நேரத்தில் லாரிகூட வராது. ஈரச் சணல் நாற்றம். எங்கேயோ ஒரு கப்பல் ஊதி அடங்குகிறது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிற வரைக்கும் இந்த மெழுகுவர்த்தி தாங்கும்.

அந்தச் சாலையில் டிபன் டப்பாவோடு தனியாக நடந்து போனவள் பூங்கோதை. இதோ உட்கார்ந்திருக்கிற நம் ஜெயந்தின் சித்தி. துறைமுக அலுவலகத்தில் இருந்த முருகானந்தத்தின் மனைவி. பிச்சைக்காரருக்குக்கூடக் காசைத் தூக்கிப் போடமாட்டாள். குனிந்து கையில் வைப்பாள். அப்படி ஒரு மனசு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு டிசம்பர். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு நிதி திரட்ட ஒரு சங்கம் ஊர் முழுக்க ஃபைபர் புலிகளை நிறுத்தப் போகிறது. வண்ணம் தீட்டித் தெருவில் வைப்பார்கள், அப்புறம் ஏலம். துறைமுகத்தார் எடுத்துக்கொண்ட புலி பூங்கோதையின் கைக்கு வந்தது. வரி போடவேண்டிய இடமெல்லாம் இழைக்கோலம் போட்டாள்.

முருகானந்தம் கேலி செய்தார். "புலிக்குக் கோலம் போட்ட ஒரே ஆளு நீதான். பெருக்கித் தண்ணி தெளிச்சுட்டுப் போட்டியா?"

கண் மட்டும் பாக்கி. அதை எழுத துர்க்கை சிலை செய்கிற நிமாய் பால் என்ற கிழவரை வரவழைத்திருந்தார்கள். ராத்திரி வேலை, பட்டினியாக இருப்பாரே என்றுதான் இட்லி எடுத்துக்கொண்டு போனாள்.

கிடங்குக்குள் ஒற்றை பல்பு. டர்பன்டைன் நெடி. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழி... கிழவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சொக்குதான் கே தேபே, பௌதி?"

வங்காள மொழியில் பௌதி என்றால் அண்ணி; சொக்கு என்றால் கண், தான் என்றால் தானம். சிலைக்குக் கண் எழுதுவதை அவர்கள் சொக்குதான் என்பார்கள். கண்ணை யார் எழுதுவது, நானா நீங்களா, என்றுதான் அவர் கேட்டார். பூங்கோதைக்குத் தெரிந்தது மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவு வங்காளம்தான். பார்வையில்லாத பிள்ளைகளுக்கான காரியம், ஆகவே கண்தானம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். யோசிக்கவே இல்லை. புலியின் முன்னால் நின்றபடி, தன் இரண்டு கண்ணையும் தொட்டுக் காட்டினாள்.

"ஆமி தேபோ." நான் தருகிறேன்.

கிழவரின் கை நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை, புலியைத்தான் பார்த்தார். இட்லியைத் தொடாமல், தூரிகைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

காலையில் லாரியில் ஏற்ற வந்தவர்கள் பார்த்தபோது புலிக்குக் கண் இருந்தது. இடது கண்ணின் வெள்ளையில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி. பூங்கோதைக்குப் பிறந்ததிலிருந்து அதே இடத்தில் ஒரு புள்ளி உண்டு. நான் எழுதவில்லை என்று நிமாய் பால் சத்தியம் செய்தார்.

பொங்கலுக்குள் அவளுக்குப் பார்வை போனது. நரம்பில் கோளாறு இல்லை, கண்ணிலும் இல்லை என்றார் டாக்டர்.

ஆனால் அவள் இருட்டில் இல்லை... அதுதான் கொடுமை. தெரு தெரிந்தது. பஸ், டிராம், முதுகில் ஏறுகிற பிள்ளைகள், படம் பிடிக்கிறவர்கள். புலி பார்ப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. புலிக்கு இமை கிடையாது. அவள் எத்தனை இறுக மூடினாலும் வெளிச்சம் போகாது. தூக்கம் போயிற்று. உடம்பு பாதியாயிற்று. ஒரு ராத்திரி தூங்கவிடு தாயே என்று மட்டும் வேண்டிக்கொள்வாள்.

ஏலத்தில் யாரோ வாங்கினார்கள். விலாசத்தைச் சங்கத்தார் சொல்லவில்லை. பூங்கோதைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கூடம், ஒரு மீன்தொட்டி, இரவெல்லாம் எரிகிற விளக்கு. அந்த வீட்டு வேலைக்காரப் பெண் ஒருநாள் படுக்கப் போகுமுன் புலியின் முகத்தில் தன் துண்டைப் போட்டாள். பயமோ, பாவம் பார்த்தாளோ... அன்றைக்குத்தான் பூங்கோதை தூங்கினாள். பிறகு தினமும் துண்டு விழுந்தது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகத் தினமும் விளக்கேற்றினாள். ஒரு முழத் துண்டுதான். ஓர் உயிரை அது பிடித்து வைத்திருந்தது.

பூஜை லீவுக்கு அந்தப் பெண் ஊருக்குப் போனாள். துண்டு விழவில்லை.

ஒரு மத்தியானம். முருகானந்தம் சமையலறையில் இருந்தார். கூடத்திலிருந்து பூங்கோதையின் குரல் வந்தது, நிதானமாக.

"என்னங்க... அந்த வீட்டுப் பாப்பா வந்திருக்கு. புது ஃபிராக்."

"என்ன பண்ணுது?"

"தரையில உக்காந்து ஜியாமெட்ரி பாக்ஸைத் திறக்குது..." முருகானந்தம் குழம்பைக் கிளறினார். "கவராயத்தை எடுத்துக்கிட்டு எழுந்திரிக்குது. கிட்ட வருது. சிரிக்குதுங்க."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்த முருகானந்தம் அவள் இரண்டு கண்களையும் உள்ளங்கையால் இறுகப் பொத்தினார்.

அவர் கைக்குள் அந்த இமைகள் அசையவே இல்லை.

"இந்தக் கண்ணு இல்லீங்க," என்றாள்.