பனிக்கோழியின் கண்

"லீவு கிடைக்கலன்னு வீட்டுல சொல்லிட்டு, கோழிய போட்டோ எடுக்கவாடா கஜகஸ்தான் பனிமலைக்குப் போன?"

வளைகுடாவில், அல் கூஸ் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். கேட்டவரிடம் மற்றவர் போனை நீட்டினார்.

"காட்டுக்கோழிடா. பனிக்காலத்துல இறகெல்லாம் வெளுத்துரும்."

"எங்க? வெறும் வெள்ளையால்ல இருக்கு?"

"இந்தக் கறுப்புப் புள்ளிதான் அதோட கண்ணு."

நண்பர் அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். "ஆமாண்டா, அழிய மாட்டேங்குது!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஸ்டேட்டஸ்ல போடு மாப்ள."

"பொண்டாட்டி பார்ப்பாளே?"

"பார்க்கட்டும். இதுல என்ன தெரியப் போகுது?"

போட்டார். அடுத்த சிக்னலில் போன் அதிர்ந்தது. உற்சாகமாகப் படிக்கத் தொடங்கியவரின் குரல் பாதியில் இறங்கியது.

"பறவை ரொம்ப அழகா இருக்குங்க. எந்த மலை?"