பனிவாயன், இரண்டாம் பாகம்

— ஏன்டி நிறுத்திட்ட? கதையில வாசல்ல நிக்கிறது அவ புருசனா, பனிவாயனா? அதைப் படிச்சிட்டு மூச்சு விடு!

— எனக்குப் பயமா இருக்கு அத்தே. முதல் பாகத்துல ரெண்டு ஆட்டைத் தின்னான், போனான். இதுல ஊரையே தின்னுட்டு, தான் தின்னவங்க குரல்லயே பேசுறான். மூடி வெச்சிடட்டுமா?

— மூடினேன்னா இந்தப் பனியிலயே உன்னைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுவேன், பெர்மெத். கண்ணு ஆபரேஷன் ஆகி, கட்டுப் போட்டுக்கிட்டு இருட்டுல உக்காந்திருக்கேன், எனக்கே பயமில்ல.

— பயமில்லையா? அப்ப என் கையை விடுங்க. உங்க நகம் எலும்பு வரைக்கும் போயிருச்சு.

— அது பாசம்டி. படி.

— "பனிவாயன் யார் குரலிலும் பேசுவான். ஆனால் ஒரு பேரை ஒரே ஒரு தடவைதான் அவனால் சொல்ல முடியும். மறுபடி சொல்லப் போனால் நாக்கு உறைந்துவிடும்."

— அடப்பாவி! அப்ப பனியில தொலைஞ்சவன் எப்படித்தான் வீடு வந்து சேருவான்?

— "அவன் பேரை ஒருநாளும் சொல்லாத வாய் ஒன்று, அதை உரக்கச் சொல்ல வேண்டும். அவன் காதில் விழும். வழி தெரியும்." அத்தே? கடிச்ச போர்சோக் ரொட்டியை ஏன் தட்டுலயே வெச்சுட்டீங்க?

— மணி என்னடி?

— சாயங்காலம்கூட ஆகல. பனிக்காத்துல இருட்டிக்கிட்டு வருது, அவ்வளவுதான். மாமா வந்துடுவாங்க.

— விடிஞ்சதும் ஆட்டை ஓட்டிக்கிட்டு கணவாயை விட்டு இறங்குறேன்னாரு. மத்தியான டீக்கு இங்க இருக்கணும். போன் போடு.

— போட்டுக்கிட்டேதான் இருக்கேன். போகவே மாட்டேங்குது. உங்ககிட்டச் சொல்ல வாய் வரல. அதுக்குத்தான் புத்தகத்தை எடுத்தேன்.

— திருட்டுக் கழுதை! ஆறுதலுக்கு எடுக்குற புத்தகமா இது? சரி, எந்திரி. அவர் பேரைச் சொல்லு.

— ஐயோ! மருமக மாமனார் பேரைச் சொல்றதா? அது கதை அத்தே!

— இருக்கட்டும். 'கழுகு'ன்னு அர்த்தம் வர்ற பேர்தானே. புர்குத். நான் அதைச் சொல்லிச் சொல்லி வைது, என் வாயில தேய்ஞ்சு போச்சு. நீதான் சொன்னதில்ல.

— அந்தப் பறவையைக்கூட 'கொக்கிமூக்கு'ன்னுதானே சொல்றேன்! அன்னிக்கு அது கோழியைத் தூக்கினப்ப பதட்டத்துல என்ன கத்தினேன்? "மாமா மாதிரி ஒண்ணு கோழியைத் திருடிட்டுப் பறக்குது"ன்னு. இன்னும் ஊரு சிரிக்குது. மாமா கோழிக்கறியே தொடுறதில்ல.

— சிரிக்க அவரு உயிரோட வரணும்டி. சொல்லு, என் தங்கமில்ல.

— அழாதீங்க அத்தே, கட்டு நனைஞ்சா டாக்டர் திட்டுவாரு. ஜன்னலைத் திறக்குறேன்... புர்குத்.

— எலிக்குச் சொல்றியா? கணவாய்க்குக் கேக்கணும்!

— புர்குத்! புர்குத்! புர்குத் மாமா!

— நடுவுல மாமா எதுக்குடி? மருந்துல தண்ணி ஊத்துற மாதிரி.

— வந்துடுச்சு வாயில. இருங்க, நாய் குரைக்குது. ஐயோ, நிறுத்திடுச்சு.

— உல்கான்! கதவைத் திற!

— வெளிய மாமா குரல் அத்தே! தாழ்ப்பாளை எடுக்குறேன்...

— தொடாதே! கையை எடு!

— ஏன்? உங்க பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறாங்க?

— கல்யாணத்தன்னிக்கு, பதினெட்டு வயசுல, என்னைக் 'கிழவி'ன்னு கூப்பிட்ட மனுசன்டி அவரு. இன்னிக்கு வரைக்கும் கிழவிதான். என் பேரு அவர் வாயில வந்ததே இல்ல.

— அத்தே... ஆட்டுச் சத்தமும் கேக்கல.

— உள்ள என்ன குசுகுசுப்பு? ஆடெல்லாம் கீழ் வீட்டுப் பட்டியில ஒதுங்கிடுச்சு. நான்தான் ஓடைக்குள்ள விழுந்து கிடந்தேன். சாகறதுக்குள்ள அவ பேரை ஒரு தடவையாவது சொல்லிடணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். நாக்கு உறையுது, திறங்க!

— நாக்கு உறையுதாம் அத்தே! புத்தகத்துல இருக்குற மாதிரியே! நான் என்ன செய்ய? திறக்கவா, வேண்டாமா?

— இரு. இன்னொரு தடவ என் பேரைச் சொல்லச் சொல்லு.