முப்பத்தேழாம் பக்கம்

இல்ல சார், புத்தகம் நல்லாத்தான் வந்திருக்கு. விமானப் பயிற்சிப் படையோட அறுபது வருஷ வரலாறுன்னா சும்மாவா? படமெல்லாம் பளிச்சுனு இருக்கு. எங்க பாராசூட் மடிக்கிற அறைக்குத்தான் படம் ஒண்ணும் இல்ல. பரவால்ல, அங்க என்ன இருக்கு, ஒரு நீள மேசையும் நாலு பொம்பளைங்களும்.

ஆமா, இருபத்தாறு வருஷம். மடிப்போம், அட்டையில கையெழுத்துப் போடுவோம். நாலு மாசம் கழிச்சு யாரும் இழுக்காம அப்படியே திரும்பி வரும். பிரிச்சு, உதறி, மறுபடி மடிப்போம். எங்க வேலை வீணாப்போனாத்தான் சார் எல்லாரும் ஒழுங்கா வீடு போய்ச் சேந்தாங்கன்னு அர்த்தம்.

பயிற்சிக்கு வர்றவங்க எங்களத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. ஒருத்தன் மட்டும் கால்ல கட்டோட வந்து நின்னான். அக்கா, என்னோடத மடிச்சது யாருன்னான். நான்தான்னேன். உக்காருப்பா, கால் வலிக்கப்போகுதுன்னு ஸ்டூல இழுத்துப் போட்டேன்.

அந்த விபத்தேதான், உங்க முப்பத்தேழாம் பக்கம். நடு வானத்துல எஞ்சின் நின்னுபோச்சு. முன்சீட்டுல அந்தப் பையன், பின்சீட்டுல வாத்தியார். எதுக்கெடுத்தாலும் பொறு பொறும்பாரு, பசங்க வச்ச பேரே பொறு வாத்தியார். அன்னைக்கு மட்டும் பொறுன்னு சொல்லல, குதிடான்னாரு. குதிச்சான். கீழ பூரா வீடுங்க. இவரு விமானத்த ஏரிப்பக்கமா திருப்பிக்கிட்டே போனாரு. தண்ணியில விழுந்துச்சு.

நீங்க என்ன எழுதியிருக்கீங்க? பாராசூட் திறக்காததால வாத்தியார் இறந்துட்டார்னு. அந்த ஒரு வரியத்தான் சார் மாத்தணும்.

பழைய ரிப்போர்ட்டா? அது மொத நாள் அவசரத்துல எழுதினது. அடுத்த வாரம் விசாரணைக்கு வந்தவங்க ஏரியில இருந்து எடுத்த அந்தப் பாராசூட்ட எங்க மேசையில வச்சு, என்னைச் சுவரோரமா நிக்கச் சொல்லிட்டு, பிடிய இழுத்தாங்க. ஈரத்தோட ஈரமா முழுசா விரிஞ்சுது. ஒரு சிக்கல் இல்ல, ஒரு முறுக்கு இல்ல. அவரு இழுக்கவே இல்ல சார். நேரம் இருந்துச்சு, இழுக்கல. குதிச்சு இழுத்திருந்தா விமானம் வீடுங்க மேல விழுந்திருக்கும்.

ஐயோ, மன்னிப்பெல்லாம் எதுக்கு? அச்சுல ஏறிட்டா அதுதான் நிஜம்னு ஆயிடும், அதான் வந்தேன். பேனா இருக்கில்ல? இழுக்கலன்னு எழுதுங்க.

அவரு பாராசூட்டோட அட்டையிலயா? என் கையெழுத்துதான். அவரோடத வேற யாரும் மடிக்க விட மாட்டேன். கூட இருக்கிறவங்க சிரிப்பாங்க, ஏண்டி, வீட்டுல புருஷன் சட்டைய மடிக்கிறது பத்தலியா, இங்கயும் அவரு பாராசூட்டான்னு.