துக்கம் விசாரித்த போன்

1. நாமக்கல்லில் சேந்தமங்கலம் பஸ் ஏறினேன்.
2. ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
3. பின் இருக்கையில் ஒரு பெண் தன் பக்கத்திலிருந்த மூத்தவரிடம், "துக்கத்தை நான் விசாரிக்கலீங்க்கா, போன்தான் விசாரிச்சுது" என்றார்.

இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"என்ன புள்ள சொல்ற?"

"சரசு ஊட்டுக்காரர் தவறுன அன்னைக்கு எனக்குக் கையே ஓடலீங்க்கா. ஆறுதலா எழுதிக் குடுன்னு ஏஐகிட்டக் கேட்டேன். முழுசாப் படிக்காம அனுப்பிட்டேன்."

"நல்லாத்தான எழுதியிருக்கும்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில 'விரைவில் மீண்டும் வருகிறேன்'னு முடிச்சுப்போட்டுது."

"அட சாமி! எழவு ஊட்டுல வாரேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? சொல்லாமத்தான எந்திரிச்சு வருவோம்! அது எந்த எழவுக்குப் போயிருக்குது, தெரிஞ்சுக்க?"

"அதுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமில்லீங்க?"



"சரசு என்ன சொன்னா?"

"பாத்துட்டா. வாட்ஸப்புல நீலக்கோடு உழுந்துருச்சு. பத்து நாளாப் பதிலே இல்லீங்க்கா. பள்ளிக்கூடத்துலருந்து சிநேகிதம்."

"இப்ப அவ ஊட்டுக்குப் போயி என்ன சொல்லப்போற?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். கையப் புடிச்சுட்டு உக்காந்துக்குவேன். உள்ள உட்டாச் சரிங்க."

சேந்தமங்கலத்தில் இருவரும் இறங்கினார்கள். இறங்கும்போதும் போனைப் பார்த்து, "இன்னும் பதில் இல்லீங்க்கா" என்றார் அந்தப் பெண்.